நன்றாகத் தூங்கும்

என் நாத்தனாரைத் தெருவில் எல்லோரும் சாவியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மாற்றுச் சாவி, பூட்டு ரிப்பேர், ஷட்டர் பழுது எல்லாம் பார்ப்பாள். வீட்டு முன்னறைதான் கடை. அவள் கீழே, நான் மாடியில். என் கணவர் அவளுக்கு அண்ணன். அவரும் போய், அவளுடைய கணவரும் போய், இந்த வீட்டில் மிஞ்சியது அண்ணியும் நாத்தனாரும். இந்த உறவைப் பற்றி உலகம் சொல்லும் கதைகள் எங்களிடம் பலிக்கவில்லை. சண்டை போட நேரமில்லை என்பதுதான் காரணம். அவளுக்குப் பூட்டுகள், எனக்கு நோயாளிகள். முப்பது வருடம் வார்டில் நர்ஸாக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு எட்டு வருடம் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டேன்.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாய்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வீட்டுக்காரர் அவளை அழைத்தார். குடியிருந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்து பத்து நாள் ஆகிவிட்டது, பூட்டைத் திறந்து வேறு பூட்டுப் போட வேண்டும் என்றார். திறந்தால், குளியலறைக்குள் ஒரு நாய். ஒழுகிய குழாய்தான் அதை உயிரோடு வைத்திருந்தது. வீட்டுக்காரர், "நான் பூட்டுக்குத்தாம்மா கூப்பிட்டேன்" என்றார். அவள் புதுப் பூட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு தோளில் கருவிப் பையும் மறு தோளில் நாயுமாக வீட்டுக்கு வந்தாள். நாய்களை மீட்கும் குழு ஒன்று ஒரு மாதத்தில் அதற்கு வீடு பார்த்துக் கொடுத்தது. அன்றிலிருந்து, பூட்டிய வீட்டுக்குள் நாய் என்று தகவல் வந்தால் குழுவின் வேன்காரர் அவளுக்குத்தான் போன் செய்வார். வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறப்பதும் அவள், நல்ல வீடு கிடைக்கும்வரை வைத்துக்கொள்வதும் அவள்.

நாற்பத்து மூன்று நாய்கள் வந்தன, போயின. பெயர்கள் எல்லாம் கடைச் சரக்குதான்: தாழ்ப்பாள், கீல், திருகாணி, ஷட்டர். ஒரே பிரசவத்தில் பிறந்து, ஒன்று போனபின் ஒன்றாக வந்த இரண்டு குட்டிகளில் ஒன்று ஒரிஜினல், மற்றது டூப்ளிகேட்.

எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு நாய்தான் என்று விதி; கீழும் மாடியும் சேர்த்து ஒரே வீடு. அதனால் எதையும் அவள் சொந்தமாக வைத்துக்கொள்ளவில்லை. "பஸ் ஸ்டாண்டு பெஞ்சு அண்ணி நம்ம வீடு. ஒருத்தன் படுத்துட்டான்னா அடுத்தவன் எங்க உக்காருவான்?" என்பாள். ஒரு நாய் போகிற காலையில் அவள் வாசலுக்கு வரமாட்டாள். கடைக்குள் உட்கார்ந்து எதையாவது அரத்தால் ராவிக்கொண்டிருப்பாள். கயிற்றைப் பிடித்துப் புது வீட்டுக்காரர் கையில் கொடுப்பது நான். வண்டி நகர்ந்ததும் அவள் எழுந்து போய்ச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள். பிறகு வேன்காரருக்கு ஒரு போன்: "இடம் காலி." அவ்வளவுதான். என்றைக்காவது கேலியாக, "நாப்பத்தி மூணு பொண்ணக் கட்டிக் குடுத்தேன், ஒருத்தியாவது ஒரு லெட்டர் போட்டாளா பாருங்க" என்பாள்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். வார்டில் ஒரு டூட்டி முடிந்து அடுத்தவர் வரும்போது, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் எழுதி, படித்துக்காட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத்தான் ஒப்படைப்போம். ஒரு வரி விட்டுப்போனால் ஒரு உயிர் போகலாம். அதே மாதிரி நாய்க்கும் ஒரு தாள் எழுத வைத்தேன். சாப்பாடு, மருந்து, பயம், குழந்தைகள், தனியாக விடலாமா, தூக்கம் என்று பத்துத் தலைப்பு. கடையில் கார்பன் வைத்து எழுதும் நோட்டு இருக்கிறதே, அதில்தான் எழுதுவாள். மேல் தாள் நாயோடு போகும். அடித் தாளை நான் கோப்பில் வைப்பேன். அவள் எழுதி ஒரு கையெழுத்து, நான் படித்து ஒரு கையெழுத்து.

இப்போது கொக்கிக்கு வருகிறேன். பழுப்பு நிறம், ஒரு காது கிழிந்து வளைந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். நாலு வயதிருக்கும். தங்கமான நாய். ஆனால் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. முதலில் கூட்டிப்போன இளம் தம்பதி காரணத்தைச் சொல்லவே கூச்சப்பட்டு, குழுவின் படிவத்தில் "ஒத்துவரவில்லை" என்று எழுதிவிட்டார்கள். இரண்டாவதாக அழைத்துப்போன முடிதிருத்துபவர் நேராக எங்கள் வாசலுக்கே வந்து, புறங்கையில் இருந்த இரண்டு பல் தடத்தை என் நாத்தனாரிடம் மட்டும் காட்டினார். "தூங்கிட்டிருந்துச்சும்மா, சும்மா தடவிக் குடுத்தேன்" என்றார். அவரும் படிவத்தில் "ஒத்துவரவில்லை" என்றே எழுதினார். பாவம் பார்த்து எழுதினார்.

அதற்குப் பிறகு அவள் அதைக் கவனித்துக் கண்டுபிடித்தாள். தூங்கும்போது மேலே ஏதாவது பட்டால், கண்ணைத் திறப்பதற்கு முன்பே கொக்கி கடித்துவிடும். விழித்தபின் தானே பயந்து ஒடுங்கி, கடித்த இடத்தை நக்கும். அது தூங்கும்போது யார் எப்போது மிதித்தார்களோ தெரியாது. அவள் அதற்கு ஒரு வழியும் செய்தாள். எழுப்ப வேண்டுமானால் தள்ளி நின்று, சாவிக்கொத்தால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். உடனே வாலை ஆட்டிக்கொண்டு எழுந்திருக்கும். நானும் அப்படியே பழகிவிட்டேன். பழகிவிட்டதால், அது ஒரு கடிநாய் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

குழுவின் சட்டம் எங்கள் இருவருக்கும் தெரியும். மூன்றாம் முறையும் திரும்பி வந்தால், அந்த நாய்க்குக் குழு வீடு தேடாது. கடித்ததும் தெரிந்துவிட்டால் மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள். அந்தப் படியேறிய நாய் எதுவும் உயிரோடு இறங்கி வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஒரு டீச்சர் கொக்கியைக் கூட்டிப்போக வந்தார். நாற்பது வயதிருக்கும், திருமணம் ஆகவில்லை, வீட்டில் அப்பா மட்டும். அச்சகத்தில் வேலை பார்த்தவராம். பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கை. இடது பக்கம் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. தொழில் பழக்கம், வாசலில் நின்றபடியே என்னென்ன மாத்திரை என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னார். அதில் ஒன்று ரத்தம் உறையாமல் இருக்க.

"சனிக்கிழமை ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஸ்கூல்ல ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கறேன். அப்பா அந்த நேரம் தூங்குவார். தனியா விட்டுட்டுப் போறோமேன்னு மனசு அடிச்சுக்கும். இனிமே இவன் பக்கத்துல படுத்திருப்பான்" என்று கொக்கியின் தலையைத் தடவினார். கொக்கி விழித்திருந்தது. அவர் கையை நக்கியது.

கடைக்குள் அரம் சரக் சரக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

தாள் உறைக்குள் போட்டுத் தயாராக இருந்தது. என் கண்ணாடி மாடியில். முட்டி வலி, ஏறி இறங்க மனமில்லை. மேல் தாளை உறையிலிருந்து உருவி, அவள் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அதிலும் அடித் தாளிலும் என்னுடையதைப் போட்டேன். முப்பது வருடத்தில் நான் செய்யாத காரியம்.

மதியம் சாப்பிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளைக் கோப்பில் வைக்க எடுத்தேன். மணி இரண்டேகால். அப்போதுதான் படித்தேன். தனியாக விடலாமா: விடலாம். தூக்கம்: நன்றாகத் தூங்கும்.

வேறு ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் காலி.

கீழே இறங்கினேன். அவள் எதிரே நின்ற ஒரு வாடிக்கையாளரின் பீரோ சாவியை அறுத்துக்கொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் வைத்தேன்.

"இது என்ன?"

"என்னது?"

"தூக்கம்னு போட்டு என்ன எழுதியிருக்க, படி."

அவள் படிக்கவில்லை. "பொய் ஒண்ணும் எழுதலையே அண்ணி. நல்லாத்தான் தூங்கறான்."

"முழுப் பூசணிக்காயை ரெண்டு வார்த்தைக்குள்ள மறைச்சிட்டு, பொய் எழுதலையாம். அந்த வீட்ல ஒரு பெரியவர் கை விளங்காம படுத்திருக்கார்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். போன வாரம் பேசினப்பவே சொன்னாங்க."

"தெரிஞ்சுமா?"

"அதனாலதான்" என்றாள். அரத்தைக் கீழே வைத்தாள். "எழுதியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பாங்க. யாராயிருந்தாலும் வேணாம்னுதான் சொல்வாங்க. அவர் எந்திரிச்சு நடக்கப் போறதில்ல, மிதிக்கப் போறதில்ல. அவனுக்கு அதவிட நல்ல இடம் எங்க அண்ணி கிடைக்கும்?"

"அவர் கை தொங்கும்டி. விளங்காத கை எங்க விழும்னு அவருக்கே தெரியாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார். நமக்கு ரெண்டு பல் தடம்னா அவருக்கு அது ஆஸ்பத்திரி. இப்ப வீட்ல வேற யாருமில்ல."

அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குத் தெரியாத விஷயம். அரத்தின் சத்தத்தில் வாசல் பேச்சு அவள் காதில் விழுந்திருக்கவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, பீரோக்காரர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"அம்மா, என் பீரோ..." என்றார் மெதுவாக.

"உங்க பீரோ எங்கயும் ஓடிடாதுய்யா. நாளைக்கு வாங்க."

டீச்சருக்கு மூன்று முறை போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. வகுப்பில் இருப்பார். வேன்காரரின் எண்ணைத் தேடினேன். அவள் என் கையைப் பிடித்தாள். "அவருக்குத் தெரிய வேணாம் அண்ணி." கையை உதறினேன். ஆனால் போன் செய்யவில்லை. வேன் ஊரின் எந்த மூலையில் நிற்கிறதோ, அதற்கு டாக்சியே சீக்கிரம் போகும்.

டாக்சியில் அவள் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஓட்டுநர் ஒவ்வொரு விளக்கிலும் ஒரு கொட்டாவி விட்டார்.

"என்னைத் திட்டுங்க அண்ணி" என்றாள்.

"திட்டறதுக்கு வாரம் பூரா நேரமிருக்கு. இப்ப வழி சொல்லு."

"அடுத்த வாரம் ஒண்ணு வருதுன்னு வேன்காரர் சொன்னார். கிழட்டு நாய். பூட்டின குடோன்ல இருந்ததாம். கொக்கி போனாத்தான் அதுக்கு இடம். அவனை நானே வெச்சுக்கிட்டா அது எங்க போகும், அதுக்கு அடுத்தது எங்க போகும்? ராத்திரி பூரா யோசிச்சுத்தான் அந்தத் தாளைக் கிழிச்சிட்டு வேற எழுதினேன்."

ஆக, முதலில் ஒரு தாள் சரியாக எழுதியிருக்கிறாள். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. தெரியாமல் விட்ட வரியை மன்னிக்கலாம். எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்ததை என்ன செய்வது?

டீச்சரின் வீடு ஒரு முடுக்கின் கோடியில், தரைத் தளம். பக்கத்து வீட்டில் பூட்டு. அழைப்பு மணியில் விரல் வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். ஜன்னல் பாதி திறந்திருந்தது. கம்பி வழியாகப் பார்த்தோம்.

கட்டில் ஜன்னலுக்கு நேராக இருந்தது. பெரியவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். இடது கை கட்டிலுக்கு வெளியே நழுவித் தொங்கியது. அதன் நேர் கீழே, தரையில், கொக்கி சுருண்டு படுத்திருந்தது. விரல் நுனிக்கும் நாயின் முதுகுக்கும் நடுவே நாலு விரற்கடை இருக்கும். பெரியவர் மூச்சு விடும்போது கை கொஞ்சம் இறங்கியது. மூச்சு வாங்கும்போது கொஞ்சம் ஏறியது. தோள் இன்னும் சரிந்துகொண்டிருந்தது. அந்த மாதிரித் தோள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சரிய ஆரம்பித்தால் நிற்காது.

"தட்டட்டுமா?" என்று கிசுகிசுத்தாள். சாவிக்கொத்து அவள் கையில் இருந்தது.

"தட்டினா ரெண்டு பேரும் முழிப்பாங்க. யார் முதல்லன்னு உனக்குத் தெரியுமா? அவர் திடுக்கிட்டா கை அது மேலதான் விழும். நான் உள்ள போய் அந்தக் கையை எடுத்து மேல வைக்கணும். அப்பறம் நீ எழுப்பு. கதவைத் திற."

அவள் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

வெளியாருக்குப் புரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பூட்டின் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்காமல் அவள் எந்தப் பூட்டையும் தொட்டதில்லை. சொந்தத் தம்பி, மனைவி உள்ளே கோபித்துக்கொண்டு பூட்டிக்கொண்டாள் என்று வந்து அழைத்தபோதுகூட, "அவளே திறக்கணும், நான் வரமாட்டேன்" என்று அனுப்பிவிட்டாள். பூட்டுக்காரரின் சோறு அந்த ஒரு நம்பிக்கையில் இருக்கிறது. ஒரு முறை தவறினால் அவளுக்கும் திருடனுக்கும் வித்தியாசம் பைதான்.

"அண்ணி, டீச்சர் இல்லாம..."

"அப்ப கை விழற வரைக்கும் ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாப்போமா?"

அவள் பையைத் திறந்து கதவின் முன் மண்டியிட்டாள். இந்த மாதிரிப் பூட்டு அவளுக்கு ஒரு நிமிட வேலை. அன்றைக்குக் கம்பி இரண்டு முறை வழுக்கியது. நான் ஜன்னலில் நின்று கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு விரற்கடை மூன்றாகியிருந்தது. "எவ்வளவு நேரம்?" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ஊசி போடும்போது பக்கத்தில் நின்று அவசரப்படுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

பூட்டு டக்கென்று திரும்பியது. கொக்கியின் கிழிந்த காது ஒருமுறை துடித்தது. எழுந்திருக்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கட்டிலின் மறுபக்கம் சுற்றிப் போய்ப் பெரியவர் மீது குனிந்தேன். விளங்காத கையை மணிக்கட்டில் மட்டும் பிடித்து இழுக்கக் கூடாது. முழங்கையையும் தாங்கி, தோளோடு சேர்த்து மெதுவாக எடுக்க வேண்டும். என் முட்டி கட்டில் சட்டத்தில் இடித்து வலித்தது. கை ஈர மணல் மூட்டை மாதிரி கனத்தது. பாதி தூக்கியிருக்கும்போது பெரியவர் கண்ணைத் திறந்தார்.

முன்பின் தெரியாத ஒரு கிழவி தன் மேல் கவிந்து, தன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கத்த வாயில்லை. நன்றாக இருந்த வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தார். அச்சு எந்திரம் சுற்றின கை, சும்மா சொல்லக் கூடாது. நான் அவர் காதருகே, "நர்ஸ்" என்றேன். ஒன்றரை வருட ஆஸ்பத்திரிப் பழக்கம் அவரைக் காப்பாற்றியது, என்னையும். பிடி தளர்ந்தது. இடது கையை அவர் வயிற்றின் மேல் வைத்து, ஒரு தலையணையை அண்டக் கொடுத்தேன். பிறகுதான் மூச்சு விட்டேன்.

வாசற்படியில் நின்று அவள் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

கொக்கி எழுந்தது. அவளைக் கண்டதும் அது போட்ட ஆட்டம் இருக்கிறதே, பத்து வருடம் பிரிந்திருந்த மாதிரி. பிரிந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் கீழே உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் பெரியவருக்கு நாடி பார்த்தேன். கொஞ்சம் வேகம், வேறொன்றுமில்லை. அவர் வலது கையை நாயின் பக்கம் நீட்டி நீட்டி என்னிடம் கண்ணால் ஏதோ கேட்டார். விழித்திருக்கிற நாயை அவர் தடவலாம். அதனால் கூப்பிட்டேன். கொக்கி வந்து அவர் உள்ளங்கையில் மூக்கை வைத்தது. அவர் முகத்தில் வலது பாதி மட்டும் சிரித்தது.

அப்படி நாங்கள் இருக்கும்போதுதான் டீச்சர் உள்ளே வந்தார். நான் மூன்று முறை போன் செய்திருந்ததைப் பார்த்து, வகுப்பைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார்.

"யார் திறந்தது? நான் பூட்டிட்டுத்தானே போனேன்?"

நாத்தனார் எழுந்து நின்றாள். "நான்தாம்மா திறந்தேன்" என்றாள். பிறகு மற்றதையும் சொன்னாள். இரண்டு வீடு, முடிதிருத்துபவரின் கை, கிழித்த தாள், எழுதிய தாள். எதையும் மெழுகவில்லை.

டீச்சர் முதலில் அப்பாவின் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசை மேலிருந்த உறையை எடுத்து, தாளைப் பிரித்துப் படித்தார்.

"இதை நம்பித்தான் நான் வாசல் தாண்டிப் போனேன். புரியுதா உங்களுக்கு? எங்கப்பாவால ஐயோன்னுகூட கத்த முடியாது."

"புரியுதும்மா."

"புரியல. புரிஞ்சிருந்தா எழுதியிருப்பீங்க."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொக்கி பெரியவரின் கைக்கடியிலிருந்து நகரவில்லை. பெரியவர் மகளைப் பார்த்துத் தலையை அசைத்தார். பிறகு நாயைக் காட்டி மறுபடி அசைத்தார். மகள் அதைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா ஒன்றரை வருஷத்துல எதையும் வேணும்னு கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "நீங்க நர்ஸ்தானே? அந்தத் தாள்ல நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட்டிருக்கேன். படிக்காமப் போட்டேன். என் தப்பும் உண்டு."

"இப்பப் படிச்சாச்சில்ல. சொல்லுங்க. நான் இவனை வெச்சுக்கலாமா? ராத்திரி வேற ரூம்ல அடைச்சு, பகல்ல பாத்துக்கிட்டு... முடியுமா?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். அவள் கண் என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியும். முடியும் என்று ஒரு வார்த்தை. அதுவும் முழுப் பொய்யாக இருந்திருக்காது. நாலு பேர் இருக்கிற வீட்டில், கவனமான ஆட்கள் கையில், முடியும்தான். பெரியவரும் என்னைப் பார்த்தார். நாயும் பார்த்தது. அதற்கு என்ன தெரியும்?

"நீங்க எத்தனை மணி நேரம் வீட்ல இருப்பீங்க?" என்று கேட்டேன்.

"வேலை நாள்ல... சாயங்காலத்துக்கு மேலதான்."

"பகல்ல?"

"ஒரு அம்மா ரெண்டு வேளை வந்து பாத்துட்டுப் போவாங்க."

"அந்த அம்மா ஒரு நாள் ரூம் கதவைச் சாத்த மறப்பாங்க. ஒரே ஒரு நாள் போதும். நானா இருந்தா வெச்சுக்க மாட்டேன்."

நாத்தனார் சுவரில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்து, கொக்கியின் கழுத்துப் பட்டையில் மாட்டினாள். பெரியவர் கையை எடுக்கவில்லை. நான்தான் எடுத்துவிட்டேன். மெதுவாக, ஒவ்வொரு விரலாக. அந்த வேலையை நான் பல கட்டில்களில் செய்திருக்கிறேன், வேறு காரணங்களுக்காக. அவர் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை.

வாசலில் டீச்சர் சொன்னார்: "பூட்டு விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா நாய் விஷயத்தைக் குழுகிட்ட சொல்லுவேன். சொல்லாம இருக்க முடியாது."

"நானே சொல்லிடறேம்மா" என்றாள் நாத்தனார். வீட்டுக்கு வந்ததும் வேன்காரருக்குப் போன் செய்து சொன்னாள். பக்கத்தில் நின்று கேட்டேன், ஒரு வரிகூட விடவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வேன் வந்தது. வேன்காரர் வழக்கமாக டீ கேட்பார், அவளைக் கலாட்டா பண்ணுவார். அன்றைக்கு உள்ளே வராமல் கடைப் படியிலேயே நின்றார். கையில் இரண்டு காகிதம்.

"மூணாவது தடவைம்மா. கடியும் பதிவாயிடுச்சு. ஒண்ணு, இவனை நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். இல்லைன்னா உங்க சொந்த நாய்னு நீங்க கையெழுத்துப் போடணும். அப்பறம் அவன் உங்க பொறுப்பு, குழுவுக்குச் சம்பந்தமில்ல."

"சொந்தமாப் போட்டா?"

"வீட்டுக்கு ஒரு நாய்தானே இங்க. அதோட..." அவர் தொண்டையைச் செருமினார். "தாள்ல மறைச்சவங்க வீட்ல இனிமே நாய் விடக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. நான் பேசிப் பாத்தேம்மா. பதினோரு வருஷத்தைச் சொன்னேன். கேக்கல."

"கேக்க மாட்டாங்க. கேக்கவும் கூடாது" என்றேன் நான். என் வார்டாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

நாத்தனார் என் பக்கம் திரும்பவில்லை. வேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கூண்டில் ஏதோ அசைந்தது.

"குடோன் நாயா?"

"ஆமா. இங்க இறக்கறதாத்தான் இருந்துச்சு."

அவள் படியிறங்கிப் போய் வேனின் பின் கதவருகே நின்றாள். முகமெல்லாம் நரைத்த ஒரு கறுப்பு நாய். ஒரு கண் பால் பூத்திருந்தது. கம்பிக்குள் மூக்கை விட்டு அவள் புடவையை மோந்தது. நாற்பத்து மூன்று நாய்களின் வாசனையும் அதில் இருந்திருக்கும். அவள் கையை நீட்டவில்லை. "இந்தக் கண்ணு பக்கமா யாரும் போய் நிக்காதீங்க. பயப்படும். முன்னால வந்து பேசிட்டுத் தொடுங்க" என்றாள் வேன்காரரிடம்.

"சரிம்மா."

"எழுதிக்கங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அதே பேனாவை அவள் வாங்கி, வேனின் பக்கவாட்டில் காகிதத்தை வைத்து, கொக்கியைச் சொந்தமாக்கிக்கொள்ளும் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். கூண்டு, கயிறுகள், போர்வைகள், குழு கொடுத்திருந்த தட்டுகள் எல்லாவற்றையும் நானும் வேன்காரரும் வண்டியில் ஏற்றினோம். பதினோரு வருடம் கூண்டு இருந்த மூலையில் தரை வேறு நிறமாக இருந்தது.

"இது எங்க போகும்?" என்று கேட்டாள்.

"தெரியல. ரெண்டு மூணு இடம் கேட்டிருக்கேன். பாக்கணும்."

வேன் கிளம்பியது. உள்ளே கறுப்பு நாய் குரைக்க ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு விடாமல். அவள் தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு சைக்கிள்காரர் மணியடித்து, சுற்றிப் போனார்.

"அண்ணி, அதுக்கு எடம் கிடைச்சிடுமில்ல?"

"தெரியாது" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது. வேன் திருப்பத்தில் மறைந்த பிறகும் அந்தக் குரைப்பு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை இரண்டு பேரும் நின்றுவிட்டு உள்ளே போனோம்.